ஓட்டையுள்ள படகு



நெதர்லாந்து நாட்டில் பழைய பாய்மர மீன்பிடிப் படகுகள் இன்றும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. ‘போட்டர்’ என்பது அவற்றின் பெயர். ஓக் மரத்தால் கட்டப்பட்ட, தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகள் அவை. முன்பக்கம் உயர்ந்திருக்கும், வலையை எளிதாக இழுக்கும்படி பின்பக்கம் தாழ்ந்திருக்கும். விற்பனை விளம்பரத்தில் படகின் நீளம், கட்டப்பட்ட ஆண்டு, பாய்களின் நிலை, என்ஜின், எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். ஆனால் இந்தப் படகுகளை நன்கு அறிந்தவர்கள் வேறொன்றைத் தேடிப் பார்ப்பார்கள். இதன் நடுவில் இருந்த மீன் அறை இன்னும் இருக்கிறதா, அல்லது அடைத்துவிட்டார்களா?

அது என்ன மீன் அறை? போட்டர் படகின் நடுப்பகுதியில், தண்ணீர் கசியாத இரண்டு தடுப்புகளுக்கு இடையே ஓர் அறை உண்டு. அந்த அறை அமைந்த இடத்தில் மட்டும் படகின் பலகைகளில் வேண்டுமென்றே சிறுசிறு துளைகள் இட்டிருப்பார்கள். அத்துளைகள் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும், வெளியே போகும். பிடித்த விலாங்கு மீன்களை அதில் விட்டால், துறைமுகம் சேரும்வரை அவை உயிரோடு இருக்கும். நாம் எல்லாரும் படகில் ஓட்டை விழக்கூடாது என்று அஞ்சுவோம். அவர்களோ, உள்ளே இருப்பது உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே படகில் ஓட்டை இட்டார்கள்.

இந்தப் படகுகள் ஓடிய கடலின் பெயர் சாய்டர்சே. நாட்டின் உட்புறம்வரை நீண்டிருந்த, ஆழம் குறைந்த கடல் அது. அதன் கரைகளில் பல மீனவர் ஊர்கள் இருந்தன. அவற்றுள் வோலண்டாம் என்பது நம்மைப் போன்ற கத்தோலிக்க மக்களின் ஊர். தந்தையோடு மகனும் சிறுவயதிலேயே படகேறினான். படகின் முன்புறத்து இடுக்கான அறையில் சமைத்தார்கள், அங்கேயே உறங்கினார்கள்.

1916ஆம் ஆண்டு ஜனவரி மாதம் புயலோடு வந்த வெள்ளம் அந்தக் கரையோர ஊர்களைப் பெரிதும் பாதித்தது. அதன் பின்னர், கார்னெலிஸ் லெலி என்ற பொறியாளர் முன்பே வகுத்திருந்த திட்டத்தை நாடு ஏற்றுக்கொண்டது. 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணை கட்டப்பட்டு, 1932ஆம் ஆண்டு மே 28 அன்று கடலின் வாய் அடைக்கப்பட்டது. மக்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது உண்மை. ஆனால் உப்புக் கடல் நன்னீர் ஏரியாக மாறியது. ஹெர்ரிங் மீனும் நெத்திலியும் மறைந்தன. விலாங்கு போன்ற சில மீன்களே மிஞ்சின. மீனவர்களுக்கு உதவ 1925லேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆனாலும், இழந்த கடலை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?

படகுகள் பல உடைக்கப்பட்டன. பல உல்லாசப் படகுகளாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, அந்தத் துளைகளை அடைத்ததுதான். மீன் இருந்த இடத்தில் மெத்தை வந்தது. படகு உலர்ந்தது, அழகானது, வசதியானது. ஆனால் அதனுள் உயிரோடு காப்பாற்றப்பட எதுவும் இல்லை.

அன்பார்ந்தவர்களே, லூக்கா நற்செய்தி ஐந்தாம் பிரிவிலும் ஒரு மீனவரின் படகைக் காண்கிறோம். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத சீமோனின் படகு அது. ஆண்டவர் அதில் ஏறி அமர்ந்து போதிக்கிறார். ஆழத்திற்குப் போகச் சொல்கிறார். வலை கிழியுமளவு மீன் கிடைக்கிறது. சீமோன் அஞ்சுகிறார். தாம் பாவி என்று சொல்லி, ஆண்டவரைத் தம்மை விட்டுப் போய்விடும்படி கேட்கிறார். ஆனால் ஆண்டவர் படகை விட்டு இறங்கவில்லை. இனி நீ மனிதரைப் பிடிப்பவன் ஆவாய் என்கிறார். இவ்விடத்தில் லூக்கா எழுதியுள்ள கிரேக்கச் சொல்லின் பொருள் வெறுமனே ‘பிடிப்பது’ அன்று, ‘உயிரோடு பிடிப்பது’. கொல்வதற்காக அல்ல, வாழ்விப்பதற்காகப் பிடிப்பது!

திருஅவையைப் படகு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நம் பங்கு என்னும் படகில் அந்த மீன் அறை இன்னும் திறந்திருக்கிறதா? உயிர்ப்புப் பெருவிழா இரவில் மட்டும் வந்து, கடைசி வரிசையில் நின்று, யாரும் பேசுவதற்குமுன் போய்விடும் இளைஞர் நம்மிடையே இருக்கிறார். மணவாழ்வு முறிந்தபின், நம் பார்வைகளுக்கு அஞ்சித் திருப்பலிக்கு வருவதை நிறுத்திய சகோதரி இருக்கிறார். குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும், அன்பியக் கூட்டத்திற்கு ஒருமுறைகூட அழைக்கப்படாத குடும்பம் இருக்கிறது. அவர்களோடு வரும் வலிகளும் கேள்விகளும் கடல்நீரைப் போன்றவை. அவை உள்ளே வந்தால் நம் அமைதி கெட்டுவிடும் என்று நினைத்து, ஒவ்வொரு துளையாக நாம் அடைத்து வருகிறோம். கோவிலுக்குப் புதிய தரை, புதிய விளக்கு, புதிய ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால், மெத்தை போட்ட படகாக நாம் மாறிவிடக்கூடாதே!

எல்லாவற்றையும் உள்ளே விட்டால் படகு மூழ்காதா என்று நாம் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் அந்த அறைக்கு இருபுறமும் உறுதியான தடுப்புகள் இருந்தன. நமக்கும் தடுப்புகள் உண்டு: நம் நம்பிக்கை, இறைவேண்டல், நற்கருணை. அவை உறுதியாக இருந்தால், உலகின் கண்ணீர் உள்ளே வருவதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. தடுப்பு பலவீனமானவர்தான் துளையைக் கண்டு நடுங்குவார்.

ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. 1968ஆம் ஆண்டு நெதர்லாந்தில் போட்டர் படகுகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பழைய படகுகளைச் செப்பனிடும் பணி இன்றும் நடைபெறுகிறது. உல்லாசத்திற்காகப் போட்ட அறைகளை அகற்றி, படகைப் பழைய வடிவத்திற்குக் கொண்டுவருகிறார்கள். அடைபட்டது மீண்டும் திறக்கக்கூடியதே. மரத்தில் இது முடியுமென்றால், தூய ஆவியார் தொடும் மனித உள்ளத்தில் முடியாதா?

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு துளையைத் திறப்போம். வராமல் போன ஒருவருடைய வீட்டிற்குச் செல்வோம். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்போம். அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்போம்.

மன்றாடுவோம்: சீமோனின் படகை விட்டு இறங்காத ஆண்டவரே, எங்கள் பங்கு என்னும் படகிலும் ஏறி அமரும். நாங்கள் அடைத்தவற்றை உமது கையால் திறந்தருளும். எங்களிடம் வருவோர் யாவரும் உயிரோடு கரை சேரச் செய்தருளும். ஆமென்.