கீழே கடை, மேலே வீடு: மனை வாங்குமுன் ஒரு வார்த்தை

(கோடியக்கரையில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரை)

 

இங்கே வரும் வழியெல்லாம் பேருந்தின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நெல் வயலுக்கு நடுவே வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். வரப்பு இருந்த இடத்தில் செம்மண் பாதை. முகப்பில் ஒரு சிமெண்ட் வளைவு. அதில் ஏதோ ஒரு 'நகர்', ஏதோ ஒரு 'கார்டன்'. உள்ளே எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பல இடங்களில் ஒன்றுகூட இல்லை. கருவேலஞ்செடிதான் குடியிருக்கிறது!

அந்தக் கற்களுக்குக் கீழே புதைந்து கிடப்பது யாருடைய பணம்? பெரும்பங்கு நம் சபுராளிகளின் பணம். ரியாத்திலும் துபாயிலும் கோலாலம்பூரிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம். அந்தப் பணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஊரார் கதையைச் சொல்வதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டு, ரியாத்தில் இருந்த என் தம்பிக்காக ஒரு டெல்டா நகரத்தின் ஓரத்தில் இரண்டு மனை வாங்கினேன். ஒவ்வொன்றும் 1200 சதுர அடி. மாதத் தவணை. "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது காக்கா, கவலையே வேண்டாம்" என்றார் தரகர். முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று சொல்லி, கிரயப் பத்திரம் எழுதாமல் பொது அதிகாரப் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். கடைத்தெருவில் முப்பது வருடம் தராசு பிடித்தவன் நான். ஒரு மூட்டை மல்லியை முகர்ந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். ஆனால் அந்த மனையை மழைக்காலத்தில் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை!

தம்பி மகள் திருமணத்திற்காக 2017-இல் விற்கப் போனோம். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய முடியாது என்றார்கள். நிலத்தின் சொந்தக்காரர் அதற்குள் காலமாகிவிட்டார். அதிகாரம் கொடுத்தவர் போய்விட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் போய்விடும். அவருடைய வாரிசுகள் வந்து புதிதாக விலை பேசினார்கள். திருமணத்திற்குத் தம்பி மனைவியின் நகைதான் போனது. மனை இன்னும் அங்கேயே இருக்கிறது. கார்த்திகை மாதத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது.

இதில் தரகரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? கேட்க வேண்டியதைக் கேட்காத குற்றம் என்னுடையது.

ஏமாறுவது ஏன்?

நம்மவர்கள் இதில் அதிகம் சிக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வங்கிக் கடன் வாங்கி வீடு வாங்குகிறவருக்கு வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம் முதல் வில்லங்கம் வரை பார்த்துவிடுவார். பழுது இருந்தால் கடன் கிடைக்காது. அதுவே ஒரு காவல். நம்மில் பலர் வட்டிக்கு அஞ்சி வங்கிக்குப் போவதில்லை. ரொக்கமாகவோ தவணையாகவோ கொடுத்துவிடுகிறோம். வட்டியை விட்டு விலகியது நல்ல காரியம். அதோடு அந்தக் காவலும் விலகிவிடுகிறது என்பதை மறந்துவிட்டோம். வங்கி பார்க்காத பத்திரத்தை நாமே கூலி கொடுத்து ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டாமா? பல லட்சம் கொடுக்கிறவருக்குச் சில ஆயிரம் பெரிதா?

சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறிவிட்டது என்று சொல்ல முடியாது என 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. பதிவான கிரயப் பத்திரம் கையில் இருந்தவர்கள் கட்டணம் கட்டிக் கரையேற வழி இருந்தது. என்னைப் போல வெறும் அதிகாரப் பத்திரம் வைத்திருந்தவர்கள் கரையிலேயே நின்றோம்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கு இன்னொன்று. வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுக்கவில்லை; வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். 'பண்ணை மனை' என்று வண்ணப் படம் அனுப்புகிறவர்கள் இதைச் சொல்வதில்லை!

இந்த மண்ணின் அளவு

இப்போது நாம் கூடியிருக்கும் இந்தக் கோடியக்கரையைப் பாருங்கள். இரண்டு பக்கம் கடல். ஒரு பக்கம் காடு. 1967 முதல் வெளிமானுக்கும் பறவைகளுக்குமான சரணாலயம், 2002 முதல் உலக அளவில் பட்டியலிடப்பட்ட ராம்சர் சதுப்பு நிலம். அந்தப் பக்கம் உப்பளம். 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிச் சிறை போன மண். கட்டடம் கட்ட மீதி இருப்பது பழைய மணல்மேடுகளும், அவற்றுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் வயல்களும்தாம்.

கடற்கரையில் கட்டுவதற்கு 1991-இலேயே கட்டுப்பாட்டு அறிவிக்கை வந்துவிட்டது. 2011-லும் 2019-லும் அது புதுப்பிக்கப்பட்டது. கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் எல்லை. சட்டம் வேண்டாம், கடல் சொன்னதை நினைத்தால் போதாதா? சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று இவ்வூர் மக்கள் சொல்லிவந்த செங்கல் கட்டடத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி சாய்த்தது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியபோது ஓட்டு வீடும் தென்னையும் என்ன ஆயின என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வயலின் கதையும் அதுவே. இது கடைமடை. மேல்பகுதியில் வடிகிற தண்ணீர் நம் வடிகால்கள் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கு சாலைக்குப் போனாலும் 1200 சதுர அடியில் 24 மனை வரும். மனை போட ஒரு ஏக்கரை மேடாக்கினால் அங்கே தேங்கிய தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து விவசாயியின் பயிருக்குள் போகும். அல்லது அடுத்த தெருவில் நம்முடைய மனைக்குள்ளேயே வரும்!

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய்க் கிணறுகளையும் உருக்காலைகளையும் டெல்டாவில் தடுத்தது. எல்லோரும் வரவேற்றோம். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மனைப்பிரிவு இல்லை. எண்ணெய்க் குழாயை எதிர்த்து ஊர்வலம் போன நாமே, வயலில் கல் நடுகிறவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வரலாமா?

அப்படியானால் எங்கே கட்டுவது?

நியாயமான கேள்வி. குடும்பம் பெருகுகிறது, வீடு வேண்டும். 2023 ஏப்ரல் 8 அன்று திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதை திறந்தது. பாதை வரும் இடத்தில் வியாபாரம் வரும், கடை வேண்டும். வளர்ச்சியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வளர்ச்சி ஊரின் நடுவில் வரட்டும் என்கிறேன்.

நம் கடைத்தெருக்களை நம் பாட்டன்மார் எப்படி அமைத்தார்கள்? கீழே கடை, மேலே வீடு. லுஹருக்குப் பாங்கு சொன்னால் நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நோயாளிக்கு மருத்துவர், எல்லாம் கூப்பிடு தூரம். மேட்டு நிலம், தண்ணீர் நிற்காது. இன்று அதே கடைத்தெருவில் கீழே கடை நடக்கிறது, மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. பின்கட்டு ஓடு சரிந்து கிடக்கிறது. ஏன்? அது ஆறு பேர் பங்கு, பாகம் பிரிக்கவில்லை. வாரிசுகள் ஒன்றுகூடிக் கையெழுத்துப் போடச் சோம்பி, ஆளுக்கு ஒரு மனை வயலில் வாங்கிப் போட்டிருக்கிறோம்!

சிங்கப்பூருக்குப் போன நம் முன்னோர் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்காவின் பெயரால் ஒரு நினைவிடம் எழுப்பினார்கள். அது இருக்கும் சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியா ஆகிய பழைய கடைத்தெருக்களை அந்நாட்டு அரசு 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவித்தது. இடிக்காமல் பழுது பார்த்தார்கள். கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டிய அந்தக் கடைவீடுகளுக்கு இன்று அங்கே பெரும் மதிப்பு. நிலம் குறைந்த ஊர் தன் நடுத்தெருவை எப்படி மதிக்கிறது பாருங்கள்! நிலம் குறைந்த ஊர்தானே நம்முடையதும்?

ஆகவே, அண்ணன் தம்பி நான்கு பேர் நான்கு இடத்தில் மனை வாங்குவதைவிட, பூர்வீகக் கட்டடத்தில் சகோதரிகளின் பங்கை முறையாகக் கொடுத்து, அனுமதி வாங்கி, கீழே இரண்டு கடையும் மேலே நான்கு வீடுமாகக் கட்டுங்கள். முதல் மாதமே வாடகை வரும். கருவேலஞ்செடி வாடகை தருமா?

வாடகைக்குக் கடை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. தனியார் கட்டடமானால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். "என் வாப்பா காலத்து வாய்ப்பேச்சு" இனி காப்பாற்றாது.

வக்ஃபுக் கடைகளுக்கும் ஒரு சொல். வக்ஃபுச் சொத்தை விற்பது செல்லாது என்று 2013 திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. குத்தகைக்கு விடலாம். நடுத்தெருவில் வக்ஃபு இடத்தில் இருந்துகொண்டு, பக்கத்துக் கடை கொடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்காமல், அதையே உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பது நியாயமா? அது யாருடைய பணம்? அநாதையின் கல்விப் பணம்!

கேட்க வேண்டிய கேள்விகள்

இனி மனையோ, கடையோ, அடுக்குமாடி வீடோ வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா? பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை மட்டும் போதாது. விவசாய நிலத்தை மனையாக்கியதானால், நிலப் பயன்பாட்டை மாற்ற முறையான அனுமதி வாங்கினார்களா?

இரண்டு: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும் எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் எங்கே? அந்தச் சட்டப்படி, பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு எழுபது தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். துபாயில் 2007-லேயே இப்படித் தனிக் கணக்குக்குச் சட்டம் போட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் தம்பி, இங்கே மட்டும் தரகரின் சட்டைப்பையில் பணம் போடலாமா?

மூன்று: 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம் நான்கும் ஒரே சர்வே எண்ணைச் சொல்கின்றனவா? அது நீர்நிலைப் புறம்போக்கோ வாய்க்காலோ இல்லையே?

நான்கு: விற்கிறவரின் எல்லா வாரிசுகளும், குறிப்பாகச் சகோதரிகள், கையெழுத்துப் போட்டார்களா? பெண்ணின் பங்கை விழுங்கிய பத்திரம் சட்டத்திலும் நிற்காது, நாளை மறுமையிலும் நிற்காது.

ஐந்து: அடைமழையில் போய் அந்த இடத்தைப் பார்த்தீர்களா?

தம்பிகளே! பட்டாவும் வில்லங்கமும் இன்று கைபேசியிலேயே பார்க்கலாம். படித்த இளைஞர்கள் ஐந்து பேர் ஒவ்வொரு ஊரிலும் முன்வாருங்கள். ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் தாயோ மனைவியோ ஒரு பத்திரத்தோடு வந்தால் சர்வே எண்ணைத் தட்டிப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். இதற்கு நிதி வேண்டாம், மேடை வேண்டாம், மாலையும் வேண்டாம்.

2009-இல் அப்படி ஒரு திண்ணை எங்கள் ஊரில் இருந்திருந்தால் என் தம்பி மனைவியின் நகை அவர் கழுத்திலேயே இருந்திருக்கும். உங்கள் வீட்டு நகையாவது மிஞ்சட்டும்.