காடும் நீரும் காக்குங் கல்வியும் அதன் பொருட்பயனும்

(நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யாது பேசலாம் என்று எண்ணியபொழுது, மேனிலை வகுப்புத் தேர்வு முடியுந்தோறும் பெற்றோர் பலர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றையே பொருளாகக் கொள்ளுதல் தகும் என்று துணிந்தோம். “பையன் சுற்றுச்சூழல் படிக்க விரும்புகின்றான், பெண் காட்டுயிர் பற்றிய படிப்பே வேண்டுமென்கின்றாள், இவற்றைப் படித்தால் சோறு கிடைக்குமா, ஐயா?” என்பதே அது. கல்வியைக் காசால் அளத்தல் இழிவு என்று கூறி இக்கேள்வியைத் தள்ளிவிடுவாரும் உளர். யாம் அவரோடு உடன்படேம். நிலத்தை ஈடுவைத்தும் நகையை விற்றும் மக்களைக் கல்லூரிக்கு விடுக்குங் குடும்பத்தார் வரவு செலவு கேட்பது பேராசை ஆகாது. அது அவர்தங் கடமையே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வழக்கு. ஆதலின் அளந்தே பார்ப்போம்.

முதற்கண், இக்கல்வி கற்றார்க்கு ஊதியம் கொடுப்பவர் யாவர் என்று காண்டல் வேண்டும். மருத்துவர்க்கு நோயாளி கொடுக்கின்றான். வழக்கறிஞர்க்குக் கட்சிக்காரன் கொடுக்கின்றான். காட்டுக்கும் ஆற்றுக்கும் கையிற் காசில்லை. அவற்றின் பொருட்டுக் கொடுக்கச் செய்வது பெரும்பாலும் சட்டமே. சென்னை மாகாணத்து வனச்சட்டம் 1882-ஆம் ஆண்டில் பிறந்தது. அதனை நடத்தப் பயின்ற ஆட்கள் வேண்டுமென்று கோயமுத்தூரில் வனக்கல்லூரி 1912-இல் நிறுவப்பெற்றது. விடுதலைக்குப் பின்னர், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலும், நீர்மாசு தடுப்புச் சட்டம் 1974-இலும், காற்றுமாசு தடுப்புச் சட்டம் 1981-இலும், சுற்றுச்சூழற் பாதுகாப்புச் சட்டம் 1986-இலும் இயற்றப்பட்டன. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. பெருந்தொழில் தொடங்குவோர் அதனாற் சூழலுக்கு விளையுங் கேட்டை முன்னரே ஆராய்ந்து இசைவு பெறுதல் வேண்டும் என்னும் விதி 1994-இல் வந்து, 2006-இல் திருத்தி விரிக்கப்பட்டது. இவ்வொவ்வொரு சட்டமும் சில உத்தியோகங்களைப் பிறப்பித்தது.

சட்டத்தை மதியாதவிடத்து நேர்வது யாது என்பதற்குத் திருப்பூரே சான்று. நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்திற்கென்று 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயப்பட்டறைக் கழிவு தேங்குமிடம் ஆயிற்று. கீழ்ப்புறத்து உழவர் வயலும் கிணறும் கெட்டு நீதிமன்றம் ஏறினர். 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் உயர்நீதிமன்ற ஆணையால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன; முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே துன்புற்றனர். பின்னர்ப் பட்டறைகள் இயங்கியது எதனால்? கழிவுநீரிலுள்ள உப்பைச் சவ்வின் வழியாகப் பிரித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, நல்ல நீரை மீண்டும் பட்டறைக்கே திருப்பும் முறையினால். அம்முறையை அறிந்து நடத்த வல்லவருக்கு அவ்வூரில் வேலை உண்டு. முதலாளி அவர்க்குக் கொடுக்குஞ் சம்பளம் அறத்தின்பொருட்டுக் கொடுக்கும் தானம் ஆகாது. பட்டறை மூடாதிருத்தற்கு ஈயுங் காப்புப் பணமே ஆகும். இக்கல்வியின் பொருட்பயனுக்கு அடிப்படை இதுவே.

இனி, எந்தப் பட்டம் எவ்வாயிலைத் திறக்கும் என்பதை நோக்குவோம். பெற்றோர் பெரிதும் ஏமாறுமிடம் இதுவே யாதலின் ஊன்றிக் கேட்க வேண்டுகின்றோம். இந்திய வனப்பணி என்பது 1966-இல் அமைக்கப்பெற்ற உயர்பணி. காட்டைக் காக்க விரும்பும் மாணவர் பலர் அதனையே குறிக்கோளாகக் கொள்கின்றனர். அதற்குத் தேர்வு எழுதுவோர் கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பாடமாகக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் ஒரு பட்டமோ பெற்றிருத்தல் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் என்னும் பெயர் அவ்வரிசையில் இல்லை! பெயரழகைக் கண்டு சேர்ந்த மாணவன், தான் கற்ற பாடங்களுள் மேற்கூறியவற்றுள் ஒன்றும் இல்லையாயின், அவ்வாயிலின் முன்னே நின்று திரும்ப நேரும். அவனுடன் பள்ளியிற் பயின்று தாவரவியலோ விலங்கியலோ எடுத்த மாணவனோ தடையின்றி உட்புகுவான்.

அப்பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம், ஏழாவது ஊதியக்குழு 2016-இல் வகுத்தபடி, திங்களுக்கு 56,100 ரூபாய். படிகள் வேறு. ஆயினும், 2024-ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் அறிவிக்கப்பட்ட இடங்கள் ஏறத்தாழ 150 மட்டுமே. ஆகையால் அதனை நம்பி மட்டும் ஒருவன் படித்தல் ஆகாது.

அடுத்து வனவியற் பட்டம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக்கல்லூரியில் இது நான்காண்டுப் படிப்பு. மரம் வளர்த்தல், மண்காத்தல், மரத்தொழில் ஆகிய யாவும் அதனுள் அடங்குதலின், அரசாங்க வேலை கிட்டாவிடினும் நாற்றங்கால், காகித ஆலை, வங்கி முதலிய பிறவிடங்களிலும் முயலலாம். மேற்படிப்பை விழைவார் தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவிக்குரிய தரம் பெறின், 2023 சனவரி முதல் உயர்த்தப்பட்டவாறு, முதலிரண்டு ஆண்டும் திங்கள்தோறும் 37,000 ரூபாய் கிடைக்கும். சுற்றுச்சூழல் அறிவியலும் அத்தேர்வுக்குரிய பாடங்களுள் ஒன்றே. அது நிலைத்த சம்பளம் ஆகாதேனும், குடும்பத்தின் சுமையை நீக்கும்.

தனியார் நிறுவனங்களிலும் இடமுண்டு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறித்த அளவுக்கு மேற்பட்ட பெருங்கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிடல் வேண்டும் என்று விதித்தது; சூழலைக் காத்தலும் அதற்குரிய இனங்களுள் ஒன்று. தொழில் இசைவுக்கான ஆராய்ச்சி அறிக்கை வரையும் நிலையங்களும் பட்டம் பெற்றாரை எடுத்துக்கொள்கின்றன. ஆயினும், அங்கே பொறுப்புள்ள இடத்தை அடைதற்குப் பட்டத்தோடு பல்லாண்டுப் பழக்கமும் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இப்பொழுது செலவைக் கணக்கிடுவோம். ஒரு குடும்பம் மூன்றாண்டுப் படிப்பின் பொருட்டு 5,00,000 ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் தொடக்கத்திலேயே கடன் வாங்குவதாகக் கொள்வோம். படிக்கும் மூன்றாண்டும் வேலை தேடும் ஓராண்டுமாக நான்காண்டுக்குத் தனிவட்டி 2,00,000 ரூபாய். அப்பிள்ளை படியாது 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்திருப்பின் மூன்றாண்டில் 4,32,000 ரூபாய் ஈட்டியிருப்பான். ஆகப் பட்டத்தின் மெய்விலை 11,32,000 ரூபாய். பட்டத்தால் வரும் மிகுதிச் சம்பளம் திங்களுக்கு 5,000 ரூபாயே ஆயின், இத்தொகை மீளப் பத்தொன்பது ஆண்டு செல்லும். 20,000 ரூபாய் ஆயின் ஐந்தாண்டிற்குள் மீளும். இனி, அதே பட்டத்தை அரசினர் கல்லூரியிற் கடனின்றி, எல்லாம் சேர்த்து 30,000 ரூபாயிற் படிப்பதாகக் கொண்டால், மெய்விலை 4,62,000 ஆகும். மிகுதிச் சம்பளம் 5,000 ரூபாயே ஆயினும் எட்டாண்டிற்குள் மீண்டுவிடும். பாடம் ஒன்றே, பட்டம் ஒன்றே, கல்லூரிச் செலவே வேறு. தொடக்கச் சம்பளம் குறைந்ததொரு துறையில் வாழ்வை நிறுத்துவதும் சாய்ப்பதும் இவ்வேறுபாடே.

“அங்ஙனமாயின் இப்படிப்பே வேண்டா, கம்ப்யூட்டர் படித்தாற் போதும்” என்று சிலர் கூறுவர். யாம் அங்ஙனம் கூறேம். மனம் பற்றாத பாடத்தில் தள்ளப்பட்ட பிள்ளை இடையிலே விட்டு வருவானாயின், செலவு முழுமையும் வீணே. மேலும், பெண்மக்கள் காட்டிலும் களத்திலும் எங்ஙனம் வேலை செய்வர் என்று அஞ்சித் தடுப்பாரும் நம்முள் உளர். நீரின் தரத்தை ஆராயும் கூடமும், அறிக்கை வரையும் அலுவலகமும், கற்பிக்கும் கல்லூரியும் இத்துறையினவே. காடேறும் வனப்பணியிலும் பெண்டிர் பல்லாண்டாகப் பணிபுரிகின்றனர். அச்சத்தால் ஒரு பெண்ணின் வாழ்நாள் ஊதியத்தை இழப்பதும் நட்டக்கணக்கே யாகும்.

ஆகவே யாம் கூறுவன மூன்று. முதற்பட்டத்தைத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், வனவியல், பொறியியல் போன்ற அடிப்படைப் பாடத்திற் கொண்டு, சூழலியலை மேற்பட்டத்திற் கற்பது நன்று; இஃது ஒன்று. சேருமுன் அக்கல்லூரியில் மூன்றாண்டுக்கு முன்னர்ப் பட்டம் பெற்றார் இன்று எங்கே உள்ளனர் என்று நேரிற் கேட்டறிக, விளம்பரத்தை நம்பற்க, இஃது இரண்டு. முதற்பட்டத்திற்குப் பெருங்கடன் வாங்கற்க, இஃது மூன்று. நம் சங்கத்தாரையும் ஒன்று வேண்டுகின்றோம். கல்வி நிதியைப் பலர்க்குச் சிறுசிறு தொகையாகப் பகிர்வதோடு நில்லாது, மேற்பட்டத்திற்குச் செல்லும் ஏழை மாணவர் ஓரிருவர்க்கேனும் முழுச்செலவையும் வட்டியின்றிக் கடனாக அளித்து, வேலை பெற்றபின் திரும்பப் பெறுவதற்கு வழி செய்தல் வேண்டும். அப்பணம் அடுத்த பிள்ளைக்கு ஆகும்.

பிள்ளையின் விருப்பத்தைப் பெற்றோர் தடுக்கற்க. பெற்றோரின் கணக்கைப் பிள்ளைகள் இகழற்க. இருவரும் ஓரிடத்தமர்ந்து, தாளும் எழுதுகோலுங் கொண்டு, யாம் மேலே காட்டியவாறு ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தபின் விண்ணப்பம் எழுதுவார்களாக.