பெயர் அழைக்கப்படும்போது அங்கே இருக்க வேண்டும்

(நூற்றாண்டு விழாவையொட்டி பிலிமத்தலாவையில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



சங்கத்தின் விளையாட்டுப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதிய உரை இது. வாசிப்பது ஒருவர், சொல்வது நால்வரும்தான்.

சில மாதங்களுக்கு முன் மாணவிகளைக் கூட்டி வைத்து, சென்னையைச் சேர்ந்த பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சுப் போட்டியில் ஆடிய காட்சியைத் திரையில் காட்டினோம். தமிழ் பேசும் ஒரு பெண், வெள்ளை உடையும் முகக்கவசமும் அணிந்து, கையில் வாளோடு நின்றதைப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். முடிந்ததும் தரம் 7 பிள்ளை ஒருத்தி எழுந்து, "அவங்கள யாரு அக்கா செலக்ட் பண்ணாங்க?" என்று கேட்டாள். அன்று எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்துக்கொண்டு வந்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கான பதில்தான் இந்த உரை.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். வாள்வீச்சில் மூன்று வகை வாள்கள் உண்டு. ஃபாயில் வாளால் எதிராளியின் உடற்பகுதியை மட்டும் தொடலாம். எப்பே வாளால் தலை முதல் கால் வரை எங்கும் தொடலாம். சேபர் வாளால் இடுப்புக்கு மேலே குத்தவும் வெட்டவும் செய்யலாம். பவானி தேவியின் ஆயுதம் சேபர். ஆடுகளம் 14 மீற்றர் நீளமான ஒடுங்கிய பாதை. வாள் பட்டதும் மின்சாரத்தால் விளக்கு எரியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத வேகம் என்பதால் அந்த ஏற்பாடு.

பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதன்முதலாக வாள்வீச்சு வைக்கப்பட்டது 1924 ஆம் ஆண்டு பாரிஸில். அதுவும் ஃபாயில் மட்டும். பெண்களுக்கான சேபர் போட்டி சேர்ந்தது 2004 இல், ஏதென்ஸில்தான். ஃபாயிலிலிருந்து சேபருக்குப் பெண்கள் வந்து சேர 80 ஆண்டுகள் ஆயின.

இனி, தெரிவு நடக்கும் விதம். நமக்குக் கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்ற படிகள் பழக்கம். இந்தியாவில் வாள்வீச்சுக்கும் அதே மாதிரிதான். மாவட்டப் போட்டியில் வென்றவர் மாநிலப் போட்டிக்குப் போவார். மாநிலப் போட்டியில் முன்னிலை பெறுபவர்களே மாநிலத்தின் பெயரால் தேசிய சம்பியன் போட்டிக்குப் போக முடியும். குழுப் போட்டியில் ஒரு ஆயுதத்துக்கு மூவர் ஆடுவார்கள். ஒருவர் மாற்று ஆட்டக்காரர். வயதுப் பிரிவுகளும் உண்டு. உலகச் சம்மேளனத்தின் கணக்கில் கடேற் என்றால் 17 வயதுக்குக் கீழ், ஜூனியர் என்றால் 20 வயதுக்குக் கீழ். ஆகவே வாளோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கையில் இருக்க வேண்டும்.

எல்லா நாடுகளிலும் ஒரே முறை இல்லை. அமெரிக்காவில் ஆட்டக்காரர்களுக்கு ஏ முதல் ஈ வரை எழுத்துத் தரம் கொடுக்கிறார்கள். இன்னும் தரம் பெறாதவருக்கு யூ. எந்த ஆண்டில் பெற்ற தரம் என்பதையும் எழுத்தோடு சேர்த்தே எழுதுவார்கள். பெரிய போட்டியில் எந்தப் பிரிவில் இடம் என்பதற்கு அந்த எழுத்தையும், கீழ்மட்டப் போட்டிகளில் எடுத்த இடத்தையும் பார்ப்பார்கள்.

ஒரு போட்டிக்குள் என்ன நடக்கும்? முதலில் ஆறேழு பேரைக் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். குழுவில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் ஆட வேண்டும். ஒரு ஆட்டம் ஐந்து புள்ளிகளுக்கு. எல்லோரும் ஆடிய பிறகு வெற்றிகளை எண்ணுவார்கள். வெற்றிகள் சமமானால், கொடுத்த அடிக்கும் வாங்கிய அடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் படித்ததில் எங்களுக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். நான்குக்கு ஐந்து என்று தோற்றவளும் சைபருக்கு ஐந்து என்று தோற்றவளும் அங்கே ஒன்றில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகும் எடுக்கிற ஒரு புள்ளி, கணக்கில் நிற்கிறது. அந்தக் கணக்கின்படி எல்லோரையும் வரிசைப்படுத்தி, முதலாம் இடத்தாளைக் கடைசி இடத்தாளோடு மோத விடுவார்கள். அதன் பின் ஆட்டம் 15 புள்ளிகளுக்கு. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இது சட்டப் புத்தகத்தில் உள்ள படிகள். பவானி தேவி ஏறிய படிகளைப் பார்த்தால் சட்டப் புத்தகத்தில் எழுதாத சிலவும் தெரியும்.

அவர் 1993 இல் பிறந்தவர். தந்தை கோயில் அர்ச்சகர். வட சென்னையில் பாடசாலையில் ஆறாம் வகுப்புச் சேர்ந்தபோது, ஆறு விளையாட்டுகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம் என்றார்கள். மற்றவற்றில் இடம் நிரம்பி, மிஞ்சியது வாள்வீச்சு. அது செலவு கூடிய விளையாட்டு, வசதி இல்லாதவர்களால் முடியாது என்ற நிலையில், தந்தையின் வருமானத்தைக் கூட்டிச் சொல்லித்தான் சேர்ந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பயிற்சிக்கு மூங்கில் குச்சி. உண்மையான வாளைப் போட்டிக்கு மட்டும் எடுப்பார்கள். உடைந்தால் இன்னொன்று வாங்குவது கடினம். சர்வதேசப் போட்டிக்கான உடுப்பும் சாதாரணமானதல்ல. 800 நியூட்டன் விசையைத் தாங்கும் துணியில் தைத்திருக்க வேண்டும். அவருடைய செலவுகளுக்காகத் தாயார் நகைகளை அடகு வைத்திருக்கிறார்.

2007 இல் துருக்கியில் அவருடைய முதல் சர்வதேசப் போட்டி. களத்துக்கு மூன்று நிமிடம் பிந்திப் போனதால் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றினார்கள். அவ்வளவு தூரம் போய், ஒரு வீச்சும் வீசாமல் திரும்பி வந்தார். ஆனால் விட்டுவிடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் கேரளாவின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய நிலையத்தில் சேர்ந்தார். 2009 இல் மலேசியாவில் நடந்த பொதுநலவாய சம்பியன் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பின்பு அரசின் உதவியும் தனியார் அறக்கட்டளையின் உதவியும் கிடைத்தன. இத்தாலியில் பயிற்சி பெற்றார். 2019 இல் தந்தை காலமானார்.

ஒலிம்பிக் தகுதியும் நேரான பாதையில் வரவில்லை. ஒவ்வொரு ஆயுதத்திலும் சில நாடுகள் குழுவாகத் தகுதி பெறும். குழு போகாத நாடுகளைச் சேர்ந்தவர்களுக்குக் கண்டம் வாரியாகச் சில தனி இடங்கள் உண்டு; ஆசியா, ஓசியானியா இரண்டுக்கும் சேர்த்து இரண்டே இடங்கள். 2021 மார்ச்சில் புடாபெஸ்ட் உலகக் கிண்ணத்தில் தென் கொரியக் குழு ஹங்கேரியை வென்று அரையிறுதிக்குப் போனபோது, அந்த இரண்டில் ஒன்று பவானி தேவிக்கு உறுதியானது. அப்போது உலகத் தரவரிசையில் அவர் 45 ஆம் இடம். யாரோ இரண்டு நாடுகள் ஆடிய ஆட்டத்தில் அவருடைய பெயர் மேலே வந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்த 45 ஆம் இடத்தில் அவர் இருந்தாரே, அதுதான் காரியம். ஆண்டுக் கணக்காக நாடு நாடாகப் போய்ப் புள்ளி சேர்த்திராவிட்டால் கொரியா வென்றும் அவருக்கு ஒன்றும் இல்லை.

2021 ஜூலை 26. துனீசியாவின் நாடியா பென் அசிசியை 15–3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். ஒலிம்பிக்கில் வாள்வீச்சு ஆடிய முதல் இந்தியர் அவர்தான். ஆனாலும் அன்று தன் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். 2023 இல் சீனாவின் வூசி நகரில், உலகச் சம்பியனாக இருந்த ஜப்பானின் மிசாக்கி எமுராவை வென்று, ஆசிய சம்பியன் போட்டியில் இந்தியாவின் முதல் வாள்வீச்சுப் பதக்கத்தைப் பெற்றார்.

அந்த மன்னிப்பைப் படித்தபோது எங்கள் நால்வருக்கும் ஒரே ஆளின் நினைவு வந்தது. அவளுடைய பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள்.

எங்கள் வகுப்பில் நீளம் பாய்தலில் அவளை வெல்ல ஆளில்லை. வலய மட்டத்தில் முதலிடம். மாகாணப் போட்டி வேறு மாவட்டத்தில். ஓர் இரவு தங்க வேண்டும். புறப்படுகிற அன்று விடியற்காலை, கண்டி வீதியில் பஸ் தரிப்பிடத்தில் பனிக்குள் நின்றோம். பித்தளைக் கடைகள் ஒன்றும் திறக்கவில்லை. முதல் பஸ்ஸை விட்டோம். இரண்டாவதையும் விட்டோம். மூன்றாவதில் ஏறினோம். அங்கே மைதானத்தில் ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரையும் நம் பாடசாலையின் பெயரையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பயந்துவிட்டாள் என்று நாங்கள் முடிவு செய்தோம். திரும்பி வந்து அவளோடு சரியாகப் பேசவும் இல்லை. தோட்டத்தில் அவளுடைய வீடு இருந்த லயத்துக்குப் போய் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தவணையில் அவள் விளையாட்டுப் பக்கமே வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவளே சொன்னாள். பெண் துணை இல்லாமல் இரவு தங்க விட முடியாது என்றார் அப்பா. அம்மா கூட வந்தால் இரண்டு நாள் பேர் விழாது. இரண்டு நாள் சம்பளம் போகும். சப்பாத்தும் இல்லை. வலயப் போட்டியில் வெறுங்காலோடு பாய்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவளுக்கு அதுதான் வசதி என்று நினைத்துவிட்டோம். "வரமுடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. நீங்க யாராச்சும் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவள் தகுதி பெற்றவள். மாகாணம் கேட்ட தூரத்தைப் பாய்ந்து காட்டியவள். அவளைத் தடுத்தது இரண்டு நாள் சம்பளமும் ஒரு சோடி சப்பாத்தும், கூடப் போக ஒரு பெண்ணும். அந்த மூன்றில் ஒன்றையாவது எங்களால் செய்திருக்க முடியும். கேட்கவே இல்லை என்பதுதான் எங்கள் குறை.

ஆகவே தரம் 7 தங்கைக்கு எங்கள் பதில் இதுதான். பவானி தேவியை ஒரு நாளில் ஒருவர் செலக்ட் பண்ணவில்லை. அவருடைய கை ஒவ்வொரு படியிலும் புள்ளி எடுத்தது. ஒவ்வொரு படிக்கும் இடையில் யாரோ ஒருவர் அவரை அடுத்த படிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்: முதலில் தாயார், பின்பு பயிற்சியாளர்கள், பின்பு அரசும் அறக்கட்டளையும். புள்ளி எடுப்பது பிள்ளையின் வேலை. அழைக்கும்போது பிள்ளை அங்கே நிற்பதைப் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் வேலை.

நூற்றாண்டை ஒட்டிச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். புதிய கேடயமோ கிண்ணமோ வேண்டாம். வலய மட்டத்தைத் தாண்டும் நம் பிள்ளை ஒவ்வொருத்திக்கும் போக்குவரத்துச் செலவு, தங்கும் செலவு, சப்பாத்து ஆகியவற்றைக் கொடுக்கும் ஒரு பயண நிதி வேண்டும். பிள்ளை விண்ணப்பம் எழுதிக் கேட்க வேண்டும் என்ற விதி வேண்டாம். கேட்க வெட்கப்படுகிறவளுக்குத்தான் அது அதிகம் தேவை. பெயர்ப் பட்டியல் வந்த அன்றே நாம் வீட்டுக்குப் போக வேண்டும். தாய் கூட வர விரும்பினால் அவருடைய நாட்சம்பளமும் நிதியிலிருந்தே போக வேண்டும். தாய்க்கு முடியாவிட்டால் பழைய மாணவி ஒருத்தி துணையாகப் போக வேண்டும். எங்கள் நால்வரின் பெயரையும் துணைப் பட்டியலில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்ணிலும் சென்னையிலும் இதை வாசிக்கப்போகும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பும் பணம் ஒரு பிள்ளைக்குப் பதக்கம் வாங்கித் தரும் என்று நாங்கள் உறுதி சொல்லவில்லை. அவள் பெயரைக் கூப்பிடும்போது "இருக்கிறேன்" என்று சொல்ல அவள் அங்கே இருப்பாள். அந்த ஒன்றுக்கு நாங்கள் பொறுப்பு.

எங்கள் தோழியின் மகள் இப்போது இதே பாடசாலையில் படிக்கிறாள். அவளும் நன்றாகப் பாய்கிறாள் என்று டீச்சர் சொன்னார். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு, சப்பாத்து அளவை எழுதிக்கொண்டு வந்தோம்.