சீலியாக் நோயும் மரபணுப் பரிசோதனையும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சீலியாக் என்னும் குடல்நோயைக் குறித்ததாகும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் உண்டு. பெரும்பாலார்க்கு அது யாதொரு தீங்கும் செய்வதில்லை. சிலருக்கோ, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அதனைப் பகையெனக் கொண்டு சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடுகின்றது. அதனால் வயிற்றுப்போக்கு, சோகை, குழந்தைகளின் வளர்ச்சிக்குறை முதலியன உண்டாகின்றன. 1888-ஆம் ஆண்டில் சாமுவேல் கீ என்னும் ஆங்கில வைத்தியர் இந்நோயை விளங்க எழுதினார். கோதுமையே காரணமென்பதை ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியராகிய டிக்கெ என்பார் 1950-இல் தம் ஆராய்ச்சி நூலில் காட்டினார்.

நிற்க, இந்நோய் ஒருவர்க்கு வரக்கூடுமா என்று மரபணுவைக் கொண்டு அறியும் பரிசோதனை இந்நாளில் உளது. உதிரத்தையோ, கன்னத்தின் உட்புறத்தினின்று துடைத்தெடுத்த உயிரணுக்களையோ கொண்டு, டி.கியூ. 2, டி.கியூ. 8 என்னும் இரு மரபுக்கூறுகள் உளவா என்று பார்ப்பர். இவ்விரண்டும் இல்லாதவர்க்கு இந்நோய் வருதல் மிக மிக அரிது. இதுவே இப்பரிசோதனையின் பெரும்பயன். வாழ்நாளில் ஒருமுறை செய்தாற் போதும்.

ஆனால், 'உண்டு' என்று விடை வந்தால் யாது பொருள்? 2016-இல் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்றை நோக்குவோமாக. வட இந்தியாவில் 1,000 பேரில் ஏறக்குறைய 12 பேர்க்கு இந்நோயைக் குறிக்கும் எதிர்ப்பொருள் உதிரத்தில் காணப்பட, தென்னாட்டில் ஒருவர்க்கே காணப்பட்டது. அக்கூறுகளை உடையாரோ வடக்கே நூற்றுக்கு 38 பேர். தெற்கே 36 பேர். வித்து இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. வடக்கே நாடோறும் கோதுமை ரொட்டி; தெற்கே அரிசிச்சோறு. ஆகவே கூறு உடையார் அனைவரும் நோயாளர் அல்லர். அவருள் மிகச் சிலர்க்கே நோய் வருகின்றது.

இக்கூறு எக்குலத்துக்கும் தனியுரிமை அன்று. அவ்வாறிருக்க, சம்பந்தம் பேசுங்கால் மணப்பெண்ணின் பரிசோதனைத் தாளில் இவ்வெழுத்தைக் கண்டு பின்வாங்குதல் எவ்வளவு அறியாமை! அத்தாளைக் கேட்பவர் தம் மைந்தனின் உதிரத்தைச் சோதித்ததுண்டோ? ஜாதகத்தில் தோஷம் தேடிய பழக்கம் உதிரத்தில் தோஷம் தேடப் புகுமாயின், மூன்றில் ஒரு வீட்டில் விவாகமே நடவாது.

நோயுற்றவரின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோர்க்கு அபாயம் சற்று மிகுதி. அவர்கள் வைத்தியரைக் கலந்து இப்பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். நோய் உண்டென்று துணிவதற்கோ வேறு உதிரப் பரிசோதனையும், பெரும்பாலும் குடற்சதைப் பரிசோதனையும் வேண்டும். அவற்றுக்கு முன்னர்த் தாமாகவே கோதுமையை நிறுத்தலாகாது; நிறுத்தினால் நோய் மறைந்து நின்று விடை பிழைபடும்.

நோய் உறுதியானால் ஆயுள் முழுதும் குளூட்டனை விலக்கலே மருந்து. ரவை, மைதா, கோதுமைச் சேமியா ஆகா. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலப்பதுண்டு. அரிசியும் கேழ்வரகும் கம்பும் சோளமும் தினையும், கோதுமை மாவு கலவாதிருப்பின், தடையின்றி உண்ணத்தக்கன. நம் முன்னோர் உண்ட அத்தானியங்கள் இருக்க, நாம் அஞ்சவேண்டுவது யாது?