எதிர்த்தவர் தந்த நற்சான்று



ஓர் அரசாங்கத்தைக் குறைகூறுவது எளிது. அதற்காக வாதாடுவது கடினம். குறைகூறுகிறவர் தவறிப்போனவற்றை எடுத்துக் காட்டினால் போதும். வாதாடுகிறவரோ, நேராமற்போன கேடுகளையும் எண்ணிப் பார்க்கும்படி கேட்கவேண்டியிருக்கிறது. அத்தகைய வழக்கு ஒன்றையே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1945 முதல் 1951 வரை பிரிட்டனை ஆண்ட கிளமெண்ட் அட்லியின் தொழிற்கட்சி மந்திரிசபைதான் என் கட்சிக்காரர்.

யுத்தத்தை வென்று தந்த சர்ச்சிலை விடுத்து, 640 ஸ்தானங்களில் 393ஐ அட்லியின் கட்சிக்கு மக்கள் அளித்தனர். ஆனால் அக்கட்சியின் கைக்கு வந்ததோ வற்றிப்போன கஜானா. ஜப்பான் பணிந்த சில தினங்களுக்குள் அமெரிக்கா தன் யுத்தகாலப் பொருளுதவியை நிறுத்திவிட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நாட்டினிடமே 375 கோடி டாலர் கடன் கேட்க நேர்ந்தது.

இந்த வறுமையில் அம்மந்திரிசபை செய்தது என்ன? இங்கிலாந்து பாங்கி, நிலக்கரிச் சுரங்கங்கள், ரயில்வே, மின்சாரம் ஆகியவை பொதுவுடைமையாயின. 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. அதற்கு முன் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்திய இன்ஷூரன்ஸ் தொழிலாளிக்கு உண்டு. அவன் மனைவிக்கும் மக்களுக்கும் இல்லை. வைத்தியருக்குக் கொடுக்கப் பணமில்லாத தாய் தன் நோயை மறைத்து வைத்திருப்பாள். அன்றுமுதல் அவள் மறைக்கவேண்டியதில்லை. நான் வாதாட முன்வந்திருப்பது முக்கியமாக அவளுக்காகத்தான்.

குறைகள் இல்லையா? உண்டு; அவற்றை மறைத்தால் என் வாதம் நில்லாது. யுத்தகாலத்தில்கூடப் பங்கீடு செய்யப்படாத ரொட்டிக்கு 1946இல் பங்கீடு வந்தது. 1947இன் கடுங்குளிரில் நிலக்கரி கிட்டாமல் ஆலைகள் மூடின. 1949இல் பவுனின் மதிப்பு 4 டாலர் 3 சென்ட்டிலிருந்து 2 டாலர் 80 சென்ட்டாக இறங்கிற்று. 1951இல் மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் விதிக்கவே, சுகாதார சேவையை அமைத்த அனூரின் பெவனே மந்திரி பதவியைத் துறந்தார். நமக்கு இந்த மந்திரிசபையின் காலத்திலேயே சுதந்திரம் கிடைத்தது. ஆனால் அதைத் தந்த அவசரத்தையும், பிரிவினையில் சிந்திய இரத்தத்தையும் அதன் கணக்கிலிருந்து அழித்துவிட முடியாது.

இனி எதிர்த்தரப்பைப் பார்ப்போம். சுகாதார சேவை மசோதாவை இரண்டாம் வாசிப்பிலும் மூன்றாம் வாசிப்பிலும் கன்சர்வேடிவ் கட்சியினர் எதிர்த்து வாக்களித்தனர். பங்கீட்டையும் கட்டுப்பாட்டையும் கண்டித்து ஊர்தோறும் முழங்கினர். ஆனால் மாற்று என்ன என்று கேட்டபோது தெளிவான விடை எளிதில் கிட்டவில்லை. எதிர்க்கட்சி விரிவான திட்டங்களை வகுத்துத் தன்னைத் தானே கட்டிக்கொள்ளலாகாது என்பது சர்ச்சிலின் எண்ணம். அவருடைய சகாவான பட்லர் முதலியோர் 1947இல் தொழிற்கொள்கை அறிக்கை ஒன்றைத் தயாரித்தனர். பாங்கியும் சுரங்கமும் ரயில்வேயும் பொதுவுடைமையாகவே இருக்கட்டும் என்றது அது! எதிர்த்துப் பேசியவர்கள், மாற்றப்போவதில்லை என்றும் எழுதிவைத்தார்கள்.

சர்ச்சிலின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எதிர்க்கட்சியிடம் அரசாங்கத் தஸ்தாவேஜுகளும் இல்லை, உத்தியோகஸ்தர்களும் இல்லை. கண்காணிப்பதே அதன் முதற்கடமை. ஆயினும் வாக்காளனிடம் அதிகாரத்தைக் கேட்கிறவர், அதைக்கொண்டு என்ன செய்வார் என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லவா? சொன்னால் பலனும் உண்டு. ஆண்டுக்கு மூன்று லட்சம் வீடுகள் கட்டுவோம் என்று அக்கட்சியினர் வாக்களித்தனர். பதவிக்கு வந்தபின் 1953இல் அதைச் செய்தும் காட்டினர். தெளிவாகச் சொன்ன இடத்தில் அவர்களுக்குப் பெருமை சேர்ந்தது. அதை மறுக்க எனக்கு மனமில்லை.

1951 அக்டோபரில் தேர்தல் வந்தது. தொழிற்கட்சிக்கு விழுந்த வாக்குகள் ஒரு கோடியே 39 லட்சம். கன்சர்வேடிவ் கட்சிக்கும் அதன் தோழர்களுக்கும் ஒரு கோடியே 37 லட்சம். ஆயினும் ஸ்தானங்கள் 295க்கு 321 என்று அமைந்து ஆட்சி மாறிற்று. என் முக்கியமான சாட்சி இங்கேதான் கூண்டில் ஏறுகிறது.

புதிய அரசாங்கம் இரும்புத் தொழிலையும் லாரிப் போக்குவரத்தையும் தனியாருக்குத் திருப்பித் தர முற்பட்டது. சுரங்கத்தையும் ரயிலையும் பாங்கியையும் தொடவில்லை. பங்கீடு ஒழிந்ததா? இறைச்சிப் பங்கீடு நீங்க 1954 ஜூலை வரை ஆயிற்று. ஆகவே, அந்தத் தட்டுப்பாடு முன்னவர்களின் பிடிவாதத்தால் மட்டும் வந்ததன்று. சுகாதார சேவையில் பணம் விரயமாகிறதோ என்று ஆராய 1953இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் கில்பாட் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார்கள். 1956இல் குழு அறிக்கை தந்தது. தேசிய உற்பத்தியில் அந்தச் சேவைக்குச் செலவான பங்கு 1949-50இல் மூன்றே முக்கால் சதவீதமாக இருந்தது. 1953-54இல் மூன்றேகால் சதவீதமாகக் குறைந்தேயிருந்தது. பெரிய மாறுதல் எதுவும் வேண்டாம் என்று குழு கூறிற்று.

ஓர் அரசாங்கத்தைப் பற்றி அதன் நண்பர்கள் சொல்லும் புகழ்ச்சியை நான் சாட்சியமாகக் கொள்வதில்லை. அதை எதிர்த்தவர்கள், அழிக்கும் அதிகாரம் கைக்கு வந்தபின் எதை அழியாமல் விட்டுவைத்தார்கள் என்றே பார்க்கிறேன். சுகாதார சேவை அந்தச் சோதனையில் தேறியது.

நேயர்களே, அட்லி மந்திரிசபையைக் குறையற்றதென்று நீங்கள் தீர்ப்பளிக்க வேண்டாம். எந்த நாட்டிலும் எந்தக் கட்சியும் ஆட்சியைக் குறைகூறி வாக்குக் கேட்டு வரும்போது, முழுவதையும் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டு முடித்தபின், "நல்லது ஐயா, நீங்கள் வந்தால் இவற்றில் எதை எடுப்பீர்கள், எதை வைப்பீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நோயை மறைத்து வைத்திருந்த அந்தத் தாயின் சார்பில் நான் வேண்டுவது இவ்வளவே.