ஒரு கோடு எத்தனை யூனிட்?

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பொறியியல் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் இன்சுலின் ஊசியைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பு தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதலாண்டு பௌதிக ஆய்வகத்தில் நாம் படித்த பாடம்தான் இது. "கருவியைத் தொடும் முன்னால் அதன் அளவுகோலைப் படி. யூனிட் எழுதாத விடைக்கு மார்க் கிடையாது" என்பார் எங்கள் ஆய்வக சார். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் அடித்தும் காட்டுவார். அந்தப் பாடத்தை நான் மறந்ததற்கு என் அப்பா விலை கொடுக்க இருந்தார்.

அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் 20 யூனிட் இன்சுலின். ஊசி போடுவது என் பொறுப்பு. ஒருமுறை சிரிஞ்சு தீர்ந்துபோய், புதிதாக ஒரு கட்டு வாங்கி வந்தேன். பழையதற்குச் சிவப்பு மூடி. புதியதற்கு ஆரஞ்சு மூடி. கம்பெனி மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்துப் போட்டேன்.

சில நாட்களில் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. "என்னடா, ஊசி போட்டும் எறங்க மாட்டேங்குதே" என்றார் அப்பா. "யாருக்கும் தெரியாம ஸ்வீட் சாப்பிடுறீங்களா?" என்று நான் அவரையே மடக்கினேன். டாக்டர் அளவை 24 ஆக்கினார், பிறகு 28. ஆரஞ்சு மூடிக் கட்டும் முடிந்தது. அலமாரி மூலையில் ஒரு சிவப்பு மூடி சிரிஞ்சு கிடந்தது. அதில் 28 வரை இழுத்துப் போட்டேன்.

அன்று ராத்திரி மூன்று மணிக்கு அம்மா என்னைத் தட்டி எழுப்பினார். அப்பாவின் பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. மீட்டரில் 42. நல்ல வேளையாக விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம், பிழைத்தார்.

மறுநாள் இரண்டு சிரிஞ்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் நாட்டுக் கடைகளில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லியை 40 கோடுகளாகப் பிரித்திருக்கும். ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதே ஒரு மில்லியில் 100 யூனிட் வரை குறித்திருக்கும். அதில் 20 என்பது 0.2 மில்லி. என் குப்பி மருந்தில் அது வெறும் 8 யூனிட்! 28 என்று போட்டதும் உண்மையில் 11.2 யூனிட்தான். சிவப்பு மூடிக்கு மாறிய அன்று ஒரேயடியாக 28 யூனிட், அதாவது முந்தைய நாளைப் போல இரண்டரை மடங்கு, உள்ளே போயிருக்கிறது. டாக்டர் மேலும் தவறில்லை, மருந்தின் மேலும் தவறில்லை. அளவுகோலைப் படிக்காத எஞ்சினியர்தான் குற்றவாளி.

சிரிஞ்சுக்கு மருந்து தெரியாது. கன அளவு மட்டுமே தெரியும். கன அளவைச் செறிவால் பெருக்கினால்தான் மருந்தின் அளவு. இந்த ஒரு வரிச் சூத்திரம்தான் என் பேச்சின் சாரம்.

1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தினார்கள். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த அந்த மருந்தின் வீரியம் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறியது. எடை போட்டுப் பயனில்லை. அதனால் முயலின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு இறக்குகிறது என்று பார்த்து 'யூனிட்' வகுத்தார்கள். பிறகு 20, 40, 80 எனப் பல செறிவுகள் வந்தன. குழப்பம் தீர அமெரிக்கா 1970களில் 100க்கு மாறத் தொடங்கியது. நம் நாட்டில் இன்றும் 40, 100 இரண்டும் புழங்குகின்றன. பேனா ஊசியின் கார்ட்ரிட்ஜில் இருப்பது பொதுவாக 100. அதிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். அந்த வேலையே வேண்டாம்.

பொடியாக வரும் மருந்தில் செறிவை நாமே உண்டாக்குகிறோம். சர்க்கரை அபாயமாக இறங்கும்போது போடும் குளுககான் ஓர் உதாரணம். 1 மில்லிகிராம் பொடி. கூடவே வரும் 1 மில்லி நீரில் கரைக்க வேண்டும். சிறு குழந்தைக்குப் பாதி என்றால் அரை மில்லி. அவசரத்தில் யாராவது 2 மில்லி ஊற்றிவிட்டால், அதே அரை மில்லியில் கால் மில்லிகிராம்தான் இருக்கும். எனவே உறையில் சொன்ன திரவம், சொன்ன அளவு. கரைக்கும்போது குலுக்காமல் மெதுவாகச் சுழற்ற வேண்டும். கலங்கலான இன்சுலினையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டத்தான் வேண்டும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் தட்டி வெளியேற்ற வேண்டும். குமிழி இருக்கும் இடத்தில் மருந்து இல்லை.

மாணவர்களே, உங்கள் வீட்டில் யாராவது ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால், இன்று போனதும் குப்பி லேபிளில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் நீங்களாகக் கணக்குப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால், நோயாளியைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சந்தேகியுங்கள்.

இப்போதெல்லாம் நான் ஊசியை எடுத்தாலே அப்பா சட்டையைத் தூக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறார்: "மூடி என்ன கலர்டா?" ஆய்வக சார் கேட்டதும் அதே கேள்விதான்.