பத்தடிச் சதுரத்தின் மூலைவிட்டம்



செங்கோண முக்கோணத்தைப் பற்றிய இக்கருத்தரங்கின் தலைமையுரையை ஒரே கேள்வியில் நிறுத்திக்கொள்கிறேன். பக்கம் 10 அடி உள்ள சதுரத்தின் மூலைவிட்டம் எவ்வளவு? பள்ளி மாணவரே சொல்லிவிடுவார்: மூலைவிட்டம் சதுரத்தை இரண்டு செங்கோண முக்கோணங்களாக்கும், நூறும் நூறும் இருநூறு, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 14.142 அடி.

இந்த எண்ணுக்கு நெடிய வரலாறு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாபிலோனியக் களிமண் வில்லை இருக்கிறது. வயது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல். அதில் ஒரு சதுரம், இரண்டு மூலைவிட்டங்கள். பக்கத்தின்மீது 30 என்ற எண். மூலைவிட்டத்தின்மீது 1, 24, 51, 10 என்று அறுபதடிமான எண்கள். தசமத்தில் எழுதினால் 1.414213, உண்மை மதிப்போடு வேறுபாடு பத்து இலட்சத்தில் ஒன்றுகூட இல்லை. கீழே, அதை முப்பதால் பெருக்கிய விடையும் பொறிக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டில் வேள்விக் களம் அளந்தவர்கள் கயிற்றால் கணக்குப் போட்டார்கள். போதாயனரின் சுல்ப சூத்திரம் தரும் வழி இது: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டு, அந்தத் துண்டின் நாலில் ஒன்றையும் கூட்டு, கடைசித் துண்டின் முப்பத்துநாலில் ஒன்றைக் கழி. பத்தடிச் சதுரத்தில் இதனால் வரும் பிழை ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு.

தமிழில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு செய்யுள் வாய்பாட்டையும் இங்கே சோதித்தாக வேண்டும். நீண்ட பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழித்து, குறும்பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் என்கிறது அது. 3, 4 என்றால் 5, 5, 12 என்றால் 13, இரண்டும் துல்லியம். வர்க்கமூலமே தேவையில்லை என்று மேடைகளில் பெருமையோடு சொல்கிறார்கள். சதுரத்தில் போட்டுப் பாருங்கள்: எட்டே முக்காலும் ஐந்தும் பதின்மூன்றே முக்கால் அடி. நாலரை அங்குலத்துக்கு மேல் குறைகிறது! அந்த அளவை நம்பி மூலை மட்டம் பார்த்தால் சுவர் கோணலாகத்தான் எழும்பும். வாய்பாடு பயனுள்ளதே, ஆனால் அது தோராயம். அதைச் செங்கோண முக்கோணத் தேற்றத்துக்கு மாற்று என்பது தமிழுக்குச் செய்யும் சிறப்பு ஆகாது.

இவற்றில் எதுவும் “ஏன்” என்பதைச் சொல்லவில்லை. பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் சாக்ரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனிடம் இரண்டடிச் சதுரத்தைக் காட்டி, இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் நாலடி என்கிறான்; பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. மூன்றடி என்கிறான், எட்டு வர வேண்டிய இடத்தில் ஒன்பது வருகிறது. பிறகு மூலைவிட்டத்தின்மேல் சதுரம் வரையப்படுகிறது. பழைய சதுரத்தில் இருந்தவை இரண்டு அரைச் சதுரங்கள்; புதியதில் நான்கு. அவனுக்கு விளங்கிவிடுகிறது. எந்தச் சூத்திரமும் இல்லாத அந்தப் படத்தை நம் வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள் வரைந்து பார்த்திருக்கிறார்கள்?

கிரேக்கர்கள் மேலும் ஒரு படி போனார்கள். மூலைவிட்டத்துக்கும் பக்கத்துக்கும் உள்ள விகிதத்தைச் சுருங்கிய பின்னமாகக் கொண்டால், தொகுதி இரட்டை எண் என்றாகிறது. உடனே பகுதியும் இரட்டை எண் என்றாகிறது. இரண்டும் இரட்டையானால் பின்னம் சுருங்கியதல்ல. ஆகவே அப்படி ஒரு பின்னமே இல்லை. எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இந்த முடிவு கிடைக்காது, நிறுவலால்தான் கிடைக்கும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் முன்வைக்கும் ஒவ்வொரு பழைய வாய்பாட்டோடும் அது எங்கே துல்லியம், எங்கே எவ்வளவு பிழை என்பதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.